கோழிமேட்டுக்குப் போனவர்

காஸியனுக்கு அறுபத்தொன்பது வயது. பிப்ரவரியில் இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று டாக்டர் அரைமணி நேரம் பேசினார். அதில் ஒரே ஒரு வரியை மட்டும் அவர் மனைவி பிலோமெனா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்: "மலை ஏறலாம், ஆனால் செங்குத்தாக வேண்டாம்."

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, காப்பிக் கோப்பைகளை ஓரம் தள்ளிவிட்டு, சமையலறை மேசையில் பள்ளத்தாக்கின் வரைபடத்தை விரித்தாள். அதில் முப்பத்திரண்டு சிகரங்கள். மூன்றுக்கு மட்டும் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள்.

"இந்த வருஷத்துக்கு இதுதான். ஒண்ண எடுத்துக்க."

காஸியன் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். முகம் கசாயம் குடித்ததுபோல் ஆனது.

"இதெல்லாம் மலையாடி? இதுல ரோப் கார் போகுது. செருப்புப் போட்டுக்கிட்டு வந்து ஐஸ்கிரீம் தின்னுட்டுப் போறானுங்க. இது காட்டுக்குள்ள இருக்கு, மேல போய் நின்னா மரந்தான் தெரியும். இது... ஐயோ மாதாவே, கோழிமேடு! உனக்கு வெட்கமா இல்ல?"

"எனக்கென்ன வெட்கம்? ஏறப்போறது நீ."

வரைபடத்தில் அதன் பெயர் ஹென்னன்கோகல்; தமிழில் சொன்னால் கோழிமேடு. அவர்கள் ஊரான ஓபர்லெர்க் கிராமத்தில் அதைச் சிகரக் கணக்கிலேயே யாரும் சேர்ப்பதில்லை. மேலே வரை புல். புல் முழுக்க மாடு. உச்சியில் ஒரு சிலுவை உண்டு, ஆளுயரம்கூட இல்லை. பாலர் பள்ளிப் பிள்ளைகளை வருடம் ஒருமுறை கைகோத்து அழைத்துப் போய்ப் பாட்டுப் பாடிவிட்டு வருவார்கள். உள்ளூர் ஆண்பிள்ளை ஒருவன் அங்கே போகிறான் என்றால் ஒன்று மாட்டைத் தேடிப் போகிறான், இல்லாவிட்டால் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது.

எதிர்ப்பக்கம் நிற்கிறது ரோட்ஹார்ன், அதாவது செங்கொம்பு. அதில்தான் இருக்கிறது மரியாதை எல்லாம். விடுதியில் கணப்பு அடுப்பை ஒட்டிய மேசை செங்கொம்பு ஏறியவர்களுக்கு என்று எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். காஸியன் அதில் அறுபத்தொரு முறை ஏறியவர். நாற்பது வருடம் மலை மீட்புக்குழுவில் இருந்து, செங்கொம்பில் மாட்டிக்கொண்டவர்களைக் கயிறு கட்டித் தூக்கி வந்தவர். அந்த மனிதரிடம் கோழிமேடு என்றால் எப்படி இருக்கும்?

பழைய கதை ஒன்றும் உண்டு. மூன்று வருடம் முன்னால் காஸியனுக்கு முழங்கால் வீங்கியிருந்த சமயம். "செங்கொம்பு பக்கம் தலைவச்சுப் படுக்கக்கூடாது" என்று பிலோமெனா சொல்லியிருந்தாள். இரண்டு மலைக்கும் நடுவே, கணவாயில், ஒரு குடில் இருக்கிறது. அங்கே ஒரு புத்தகம் வைத்திருப்பார்கள். மேலே போகிறவர்கள் பெயர், நேரம், எந்தச் சிகரம் என்று எழுதிவிட்டுத்தான் போகவேண்டும். ஆள் திரும்பாவிட்டால் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டுமே! அந்தப் புத்தகத்தில் காஸியன் பெரிய எழுத்தில் "கோழிமேடு" என்று எழுதிவிட்டு, நேராகச் செங்கொம்புக்குப் போனார். போனவர் சும்மா வந்தாரா? உச்சியில் இருந்த சிகரப் புத்தகத்தில் தேதியோடு கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். அடுத்த வாரமே யாரோ இரண்டு புத்தகப் பக்கங்களையும் போட்டோ எடுத்து விடுதிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். மீட்புக்குழுவில் நாற்பது வருடம் இருந்தவரே குடில் புத்தகத்தில் பொய் எழுதினார் என்று ஊர் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. இப்போதும் யாராவது "ஒரு கிளாஸ் கோழிமேட்டுத் தண்ணி" என்று கேட்டால் விடுதிக்காரி பேசாமல் ஷ்னாப்ஸ் சாராயம் ஊற்றுவாள்.

அதனால்தான், "சரி விடு. கோழிமேடே போறேன்" என்று காஸியன் சொன்னதும் பிலோமெனாவுக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் இறங்கிவரும் ஆளில்லையே இவர்!

"சத்தியமா?"

"சத்தியமா."

"என் கண்ணப் பார்த்துச் சொல்லு."

"ஏண்டி காலங்காத்தால உயிர வாங்கற? கோழிமேடு, கோழிமேடு, கோழிமேடு. போதுமா? ஒரு மணிக்கு வந்துடுவேன். என்ன சமைக்கப்போற?"

"ஆப்ரிகாட் கொழுக்கட்டை."

"அப்போ பன்னெண்டரைக்கே வரேன்."

அவர் பின்வாசல் வழியாகப் போனார். பிலோமெனா மாவு பிசைந்துகொண்டிருந்ததால் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு மணி ஆனது. கொழுக்கட்டைகளை வெந்நீரிலிருந்து எடுத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டி மூடிவைத்தாள். இரண்டு மணிக்கு வானம் கறுத்தது. இரண்டேகாலுக்கு இடி. அதற்குப் பிறகு கொட்டிய மழையில் எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. அவர் போனுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அது ஒன்றும் புதிதில்லை, பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று போனை அணைத்து வைத்திருப்பது அவர் பரம்பரை வழக்கம்.

மூன்று மணிக்குக் குடிலுக்கு அடித்தாள். குடிலை நடத்துகிற ரோஸினா எடுத்தாள்.

"காஸியன் அண்ணனா? காலையில வந்தாரே. எட்டுப் பத்துக்குப் புத்தகத்துல எழுதியிருக்காரு. காப்பி குடிச்சாரு, போனாரு. திரும்ப இந்தப் பக்கம் வரலியேக்கா."

"எந்தச் சிகரம்னு எழுதியிருக்கார்?"

ரோஸினா பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"கோழிமேடுன்னு போட்டிருக்கு அக்கா."

இருவருக்கும் ஒரே சமயத்தில் ஒரே எண்ணம் வந்தது. மூன்று வருடம் முன்னாலும் இதே சொல்தான் இதே புத்தகத்தில் இருந்தது.

மீட்புக்குழுவின் இப்போதைய தலைவன் வின்ஸென்ஸ், அவள் தங்கை மகன். அடுத்த பத்து நிமிடத்தில் அவனே கூப்பிட்டான்.

"பெரியம்மா, பதறாதீங்க. ரோஸினா சொல்லிட்டா. இப்ப நான் கேக்கறதுக்கு மட்டும் யோசிச்சுப் பதில் சொல்லுங்க. மேகம் இறங்கியிருக்கு, ஹெலிகாப்டர் வராது. பாதி ஆளுங்க பனியாத்துல காணாமப்போன ரெண்டு செக் நாட்டுக்காரங்களத் தேடிக்கிட்டு இருக்காங்க. என்கிட்ட இருக்கறது ஏழு பேர். செங்கொம்புல இந்த ஈரத்துல தேடணும்னா ஏழு பேரும் வேணும். பிரிச்சு அனுப்பினா ரெண்டு பக்கமும் உருப்படாது. அவர உங்களவிட யாருக்குத் தெரியும்? பெரியப்பா எங்க போயிருப்பாரு?"

போனைக் காதில் வைத்தபடியே அவள் கொட்டகைக்கு ஓடினாள். சுவரில் நான்கு ஆணிகள். முதல் மூன்றில் அரிவாள், பால் வாளி, பழைய பனிச்சறுக்குக் கட்டை. நான்காவது ஆணியில் மலையேறும் கயிறு இருக்கவேண்டும், இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு லாம்பர்ட் குடை பிடித்துக்கொண்டு நின்றார். காஸியனோடு முப்பது வருடம் ஒரே கயிற்றில் ஏறியவர். இப்போது இடுப்பில் உலோக மூட்டு வைத்துக்கொண்டு, வாசலில் நின்று போகிறவர் வருகிறவர் எல்லாரையும் நக்கல் செய்வதே வேலை.

"லாம்பர்ட், காலையில அவரப் பார்த்தியா?"

"பாக்காம? ஆறு மணிக்கு இப்படித்தான் போனான். தோள்ல கயிறு, மாப்பிள்ளை மாதிரி நடை. 'எங்கடா கிழவா?'ன்னேன். 'சும்மா காலாற'ன்னு சொல்லிட்டுக் கண்ணடிச்சான். கயிறு கட்டிக்கிட்டுக் காலாறப் போறவன இன்னிக்குத்தான் பார்த்தேன். ஏன், வரலியா?"

பிலோமெனாவுக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம். சத்தியம் பண்ணினாரே! கண்ணைப் பார்க்கச் சொன்னால் மழுப்பினாரே! நெஞ்சில் இரண்டு கம்பியை வைத்துக்கொண்டு அந்தப் பாழாய்ப்போன பாறைக்குப் போயிருக்கிறாரே! வரட்டும், அந்தக் கயிற்றாலேயே மேசைக்காலில் கட்டிப்போடுகிறேன்.

"செங்கொம்பு," என்றாள் போனில். "செங்கொம்புக்குத்தான் போயிருக்கார். கயிற எடுத்துட்டுப் போயிருக்கார்டா வின்ஸென்ஸ்."

"நானும் அதான் நினைச்சேன். கிளம்பறோம்."

அவள் போனை அணைத்துவிட்டு, லாம்பர்ட்டிடம் ஜீப்பை எடுக்கச் சொன்னாள்.

லாம்பர்ட்டின் பழைய ஜீப் காட்டுப்பாதையில் முனகிக்கொண்டே ஏறியது. ஐந்து மணிக்குக் குடிலை அடைந்தபோது மழை விட்டிருந்தது. மேகம் இன்னும் பாறைகளைக் கட்டிக்கொண்டு கிடந்தது. ரோஸினா வாசலிலேயே நின்றாள், கையில் வாக்கி டாக்கி. அதில் வின்ஸென்ஸ் மூச்சு வாங்க ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பாறையில் கயிறு பிடித்து ஏறும் இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டார்களாம், இன்னும் தடயம் இல்லையாம்.

"புத்தகத்தக் காட்டு," என்றாள் பிலோமெனா.

குடிலின் முன்னறையில், ஜன்னல் ஓரம், நூலில் கட்டிய பேனாவோடு புத்தகம் கிடந்தது. இன்றைய பக்கத்தில் ஒன்பது பெயர்கள். ஏழாவது அவர். பிலோமெனா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். காஸியனின் கையெழுத்து இரண்டு வரியைத் தின்னும். கல்யாணப் பதிவேட்டில்கூடப் பக்கத்துக் கட்டத்துக்குள் புகுந்துவிட்ட கையெழுத்து அது. இங்கேயோ பெயரும் சிகரமும் கட்டத்தின் மூலையில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தன. யாரும் படித்துவிடக் கூடாது என்று எழுதிய எழுத்து.

"திருட்டுக் கையெழுத்து," என்றார் லாம்பர்ட், அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. "பொய் எழுதும்போது கை கூசியிருக்கு பயலுக்கு."

பிலோமெனா அந்த எறும்பு எழுத்தின் மேல் விரலை வைத்தாள். இதே எழுத்தை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். பிப்ரவரியில், ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று ஆஸ்பத்திரியில் நீட்டிய தாளில், அவர் இப்படித்தான் சுருங்கிப்போய்க் கையெழுத்துப் போட்டார். போன தடவை பொய் எழுதினாரே, அப்போது எப்படி எழுதினார்? அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி, பெரிதாக, தைரியமாக எழுதியிருந்தார்.

"ரோஸினா, கோழிமேட்டுப் பக்கம் யாராவது போய்ப் பார்த்தாங்களா?"

"கோழிமேட்டுக்கா?" ரோஸினா லாம்பர்ட்டைப் பார்த்தாள். "இல்லக்கா. எதுக்கு?"

"அவர் எழுதியிருக்காரே."

"மேனா," என்று அவள் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டார் லாம்பர்ட் மெதுவாக, "கயிறு எடுத்துட்டுப் போயிருக்கான்மா. கோழிமேட்டுல கயிற வச்சு என்ன பண்ணுவான்? மாட்டக் கட்டவா?"

அவர் சொன்னது நியாயம்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நியாயம். அந்த மிச்சம் ஒன்று அவளைக் குடைந்தது. செங்கொம்பில் அவர் இருந்தால் தேட ஏழு பேர் இருக்கிறார்கள், விளக்கு இருக்கிறது, தூக்குப் படுக்கை இருக்கிறது. இங்கே இருந்தால் யாரும் இல்லை. யாரும் இல்லாமல் செய்தது யார்? அவள்தான். தன் வாயால், ஒரே சொல்லில்.

"எனக்கு ஒரு வாக்கி டாக்கி குடு. சூடா தேநீர் குடு."

"ஒத்தையிலயா போறீங்க? முட்டி வலியோட? நான் இந்த ரேடியோவ விட்டு நகர முடியாதுக்கா..."

"நீ நகராத. லாம்பர்ட்டால நடக்க முடியாது. எனக்குத் தெரியும். பாலர் பள்ளிப் பிள்ளைங்க ஏறுதுங்க, எனக்கென்ன?"

கோழிமேட்டுப் பாதை ஒன்றும் கஷ்டமில்லை என்று சொல்கிறவர்கள், மழைக்குப் பிறகு அறுபத்தாறு வயதில் அதில் ஏறிப் பார்க்க வேண்டும். புல் சோப்புப் போட்டதுபோல் வழுக்கியது. அவள் தடியை ஊன்றி ஊன்றி, பத்தடிக்கு ஒருமுறை நின்று, "காஸியன்!" என்று கத்தினாள். மாடுகள் திரும்பிப் பார்த்தன. கழுத்து மணிகள் குலுங்கின. வேறு பதில் இல்லை.

நடக்க நடக்க ஆத்திரம் கழன்று விழுந்துவிட்டது. பயம் மட்டும் மிஞ்சியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்காவது குப்புறக் கிடந்தால்? மழை பெய்த மூன்று மணி நேரமும் கிடந்திருந்தால்? எழுதிவிட்டுத்தானே போனேன், வருவார்கள் என்று காத்திருந்திருந்தால்? கடைசி எண்ணம்தான் தாங்க முடியவில்லை. மாதாவே, அவர் என்னிடம் பொய் சொல்லியிருக்கட்டும், செங்கொம்பிலேயே இருக்கட்டும், முழுசாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஐந்து நிமிடம் கழித்து வேண்டுதலை மாற்றிக்கொண்டாள். எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, செங்கொம்பைப் பார்த்தபடி, ஒரு பள்ளம் இருக்கிறது. மாடுகள் காற்றுக்கு ஒதுங்கும் இடம். அதன் விளிம்பில் நின்று, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, "காஸிய...ன்!" என்றாள்.

"கத்தாதடி! மாடு மிரளுது!"

பிலோமெனா நின்ற இடத்திலேயே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் கண் வழியாக வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. பத்தடி கீழே, பெரிய பாறை ஒன்றில் சாய்ந்து, ஒரு காலை நீட்டியபடி, தலையில் நைலான் பையைக் கவிழ்த்துக்கொண்டு, அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பசு, சொந்தக்காரி மாதிரி படுத்திருந்தது.

"நெஞ்சு? நெஞ்சு வலிக்குதா?" சறுக்கிக்கொண்டே இறங்கினாள்.

"நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. மானந்தான் போச்சு."

கணுக்கால் ரொட்டி மாவு பொங்கினதுபோல் வீங்கியிருந்தது. உதடு வெளிறி, கை சில்லிட்டிருந்தது. அவள் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவருக்குப் போட்டாள், தேநீரை வாயில் வைத்தாள், முதுகைத் தேய்த்தாள். தேய்த்த கையாலேயே இரண்டு அடியும் போட்டாள்.

"எப்பய்யா விழுந்த?"

"பத்தரைக்கு."

"பத்தரையா! எப்படி?"

காஸியன் பசுவைப் பார்த்தார். "சாணியில."

"என்னது?"

"சாணியில வழுக்கிட்டேன். சமதரையில. மேல போயிட்டு நல்லா இறங்கி வந்துக்கிட்டு இருந்தேன்..."

"அப்போலேர்ந்து ஒருத்தர்கூடவா இந்தப் பக்கம் வரல?"

அவர் கவனமாகப் பசுவின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிலோமெனாவுக்கு அந்த மழுப்பல் தெரியும். நாற்பத்து மூன்று வருடமாகத் தெரியும்.

"யாரு வந்தாங்க?"

"ஹாலந்துக்காரங்க. ஒரு குடும்பம். பதினோரு மணிக்கு. உங்களுக்கு ஏதும் உதவி வேணுமான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"காட்சிய ரசிச்சுக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன்."

"அடப்பாவி மனுஷா!"

"பின்ன என்னடி சொல்லச் சொல்ற? நாப்பது வருஷம் மீட்புக்குழுவுல இருந்தவன், கோழிமேட்டுல, சாணியில விழுந்து கெடக்கேன், தூக்குங்கன்னா? எதிர்ல தெரியற மலைங்களோட பேரெல்லாம் சொல்லிக் குடுத்தேன். பதினோரு மலை. அந்தம்மா நோட்டுல எழுதிக்கிச்சு. என்கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. சாக்லேட் குடுத்தாங்க. போயிட்டாங்க. நானே மெல்ல நொண்டிப் போயிடலாம்னு பார்த்தேன், முடியல. அதுக்குள்ள மழை."

"போனு?"

"இங்க எடுக்காது. இருந்த பேட்டரியும் நனைஞ்சு போச்சு."

"கயிறு எதுக்குய்யா எடுத்துட்டு வந்த? அந்தக் கயித்தாலதான் எல்லாக் கூத்தும்!"

"லாம்பர்ட் வாசல்ல நிப்பான்ல? வெறும் தடியோட போனா கோழிமேட்டுக்குத்தான்னு கண்டுபிடிச்சுடுவான். சாயங்காலம் விடுதியில முட்டையிட்டியான்னு கேப்பான். அவனுக்காகத்தான் தோள்ல போட்டேன். காட்டுக்குள்ள போனதும் பைக்குள்ள திணிச்சுட்டேன்."

பிலோமெனாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள். சிரிப்பில் அவள் உடம்பு குலுங்கியதும் அவரும் கொஞ்சம் சிரித்தார், கால் வலித்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மழை விட்டதும் மேகம் கொஞ்சம் வெலகுச்சு," என்றார். "எதிர்ல செங்கொம்புல செகப்புச் சட்டைங்க தெரிஞ்சுது. நம்ம பசங்கதான், ஏழு பேரு. கையக் கால ஆட்டினேன், சட்டையக் கழட்டி ஆட்டினேன். ஒருத்தன் திரும்பணுமே! கோழிமேட்ட எவன் திரும்பிப் பார்ப்பான்? சரி, அங்க எவனோ பாவம் மாட்டிக்கிட்டான் போலன்னு விட்டுட்டேன். மழையில என்ன கஷ்டப்படறானோன்னு, அவனுக்காக ஒரு ஜெபங்கூடச் சொன்னேன்."

"அது நீதான்யா," என்றாள் பிலோமெனா.

"என்னது?"

"அவங்க தேடறது உன்னத்தான்."

காஸியன் செங்கொம்பைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் புத்தகத்துல கோழிமேடுன்னு எழுதியிருந்தேனே! எட்டுப் பத்துன்னு நேரத்தோட!"

"பார்த்தேன்."

"பின்ன எந்த முட்டாள் அங்க அனுப்பினான்?"

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வின்ஸென்ஸ் மேல் பழியைப் போடலாம், லாம்பர்ட் மேல் போடலாம். ஆனால் எழுதினபடியே வந்து, எழுதின இடத்திலேயே எட்டு மணி நேரம் காத்துக் கிடந்த மனிதரிடம் இன்று அவளால் அது முடியவில்லை.

"நான்தான். வின்ஸென்ஸ் என்னத்தான் கேட்டான். செங்கொம்புன்னு நான்தான் சொன்னேன். நீ சத்தியம் பண்ணியும் நான் நம்பல."

காஸியன் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். பசு எழுந்து போயிற்று.

"நம்பலன்னா," என்றார் கடைசியில், "நீ ஏன் இங்க வந்த?"

"அங்க போக ஏழு பேர் இருந்தாங்க. இங்க வர ஒருத்தரும் இல்ல."

அவர் ஈரக் கையால் அவள் கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே இருந்தார். பிலோமெனாவுக்கு அப்போதுதான் தன் முட்டி எவ்வளவு வலிக்கிறது என்பதே உறைத்தது. வலிக்கட்டும், அவள் கையை எடுக்கவில்லை.

பிறகு வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"மேனா," என்று அவர் தடுத்தார். "பேர் சொல்லாம, கணவாய்க்குப் பக்கத்துலன்னு சொல்லேன். இதுல எல்லாரும் கேப்பாங்க. லாம்பர்ட் கேட்டுக்கிட்டு இருப்பான்."

"ஏழு பேரு ஈரப் பாறையில தொங்கிக்கிட்டு இருக்கானுங்க காஸியன்."

அவர் தலை குனிந்தார். நாற்பது வருடம் அப்படித் தொங்கியவர், அவருக்குத் தெரியாததா? கையை நீட்டினார்.

"குடு. நானே சொல்றேன்."

வாங்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார். மீட்புக்குழுவில் இருந்தபோது பேசுகிற குரலில், தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"வின்ஸென்ஸ், காஸியன் பேசறேன். உயிரோட இருக்கேன். கணுக்கால் போச்சு, நெஞ்சு நல்லாருக்கு. பசங்கள உடனே எறக்கு. நான் கோழிமேட்டுல இருக்கேன். சாணியில வழுக்கி விழுந்துட்டேன்."

ரேடியோ கரகரத்தது. எங்கோ ஒரு கூச்சல், ரோஸினாவாக இருக்கும், "மாதாவே, மாதாவே" என்று அழுதுகொண்டே கத்தினாள். அதற்குப் பின்னால் லாம்பர்ட் ஏதோ சொன்னது கேட்டது. நக்கல் இல்லை, அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வின்ஸென்ஸ் மட்டும் ஜாக்கிரதையாகக் கேட்டான்:

"பெரியப்பா, கோச்சுக்காதீங்க. மறுபடி பசங்கள அலைய விட முடியாது. இது எந்தக் கோழிமேடு? நிஜக் கோழிமேடா, உங்க கோழிமேடா?"

பிலோமெனா காஸியன் கையிலிருந்து வாக்கி டாக்கியை வாங்கிக்கொண்டாள்.

"நிஜந்தான்டா வின்ஸென்ஸ். நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். உங்க பெரியப்பா எங்க போறேன்னு எழுதினாரோ, அங்கதான் இருக்காரு."